ஐம்பதாவது சொல்

நான் தொழில் பழகிய ஸ்டூடியோ கல்முனை பிரதான வீதியில் இருந்தது. அங்கே இருந்த மர அலுமாரியில் பள்ளிக்கூடக் குழுப் படம், அடையாள அட்டைப் படம், நாற்பது நாள் பிள்ளையின் படம் என்று எல்லா நெகட்டிவும் வருடவாரியாக அடுக்கி இருக்கும். கல்யாண வீட்டு நெகட்டிவ் மட்டும் ஒன்றும் இருக்காது. அல்பம் கட்டி முடிந்த அன்றே ஸ்டூடியோக் காக்கா நெகட்டிவ் முழுவதையும் ஒரு காக்கி உறையில் போட்டு, வாயை ஒட்டி, பெண்ணின் வாப்பாவின் கையில் கொடுத்துவிடுவார். நல்லதாக ஒரு படம் வந்திருந்தாலும் கடைக் கண்ணாடிக்குள் வைக்க ஒரு பிரதி எடுத்ததில்லை.

"பொம்புளப் புள்ளயள்ட படம் மனே. நம்மட கையில ஒரு துண்டும் மிஞ்சப்படாது. இது அமானிதம்" என்பார்.

அவரிடம் ஐந்து வருடம் இருந்தேன். பிறகு நான் பிடித்துக்கொண்ட தொழில் அதற்கு முழு எதிர்த்திசையில் போவது. 2013 முதல் நான் எடுக்கும் படங்களை ஒன்லைன் ஸ்டொக் ஏஜென்சிகள் மூலம் விற்கிறேன். யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. கல்முனைக்குடிக் கடற்கரையில் எடுத்த படம் எந்த நாட்டில் எந்தத் தாளில் ஏறுகிறது என்று பெரும்பாலும் தெரியவராது. அந்தக் காக்கி உறையை இந்தத் தொழிலுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு வருடம் பிடித்தது. கற்றுக்கொண்ட விதமும் நல்ல விதம் அல்ல.

"படத்த ஆருக்கு விக்கிறாய்?" என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான். ஒரு பத்திரிகை மீன்பிடி பற்றிக் கட்டுரை போடுகிறது. ஒரு பயண முகவர் விளம்பரத் தாள் அடிக்கிறார். ஒரு பாடப்புத்தகத்துக்குக் கைத்தறிப் படம் வேண்டும். இவர்கள் யாரும் கமராக்காரனை அனுப்புவதில்லை. ஏஜென்சியின் தளத்தில் சொல் ஒன்றை எழுதித் தேடி, பிடித்த படத்துக்கு உரிமம் வாங்கிக்கொள்கிறார்கள். அந்தக் காசில் ஒரு பங்கு எடுத்தவனுக்கு வரும். 'ரோயல்டி ஃப்ரீ' என்று இதற்குப் பெயர். இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஒரு முறை காசு கட்டினவர் பல முறை பாவிக்கலாம் என்பதுதான் பொருள். படம் என்னுடையதாகவே இருக்கும், அதையே நாளை இன்னொருவரும் வாங்கலாம்.

முன்பு இந்த வியாபாரம் பெரிய நகரங்களின் தொழில்முறைக் கலைஞர்களுக்கு மட்டும் உரியது. 2000ஆம் ஆண்டு கனடாவின் கல்கரியில் ஐஸ்டொக்போட்டோ தொடங்கியது. 2003இல் நியூயோர்க்கில் ஜோன் ஒரிங்கர் தான் எடுத்த 30,000 படங்களை வைத்து ஷட்டர்ஸ்டொக்கைத் தொடங்கினார். யாரும் அனுப்பலாம், தரம் இருந்தால் ஏற்கப்படும் என்று கதவு திறந்தது. விலையும் சதக் கணக்குக்கு இறங்கியது. அந்தக் கதவால்தான் நானும் உள்ளே போனேன்.

போனதற்குக் காசு மட்டும் காரணம் இல்லை. ஒருநாள் ஒரு தளத்தில் இலங்கை என்று தேடிப் பார்த்தேன். சிகிரியா வந்தது, தேயிலை கொய்யும் பெண்கள் வந்தார்கள், யானைகள் வந்தன, எல்லயின் ஒன்பது வளைவுப் பாலம் வந்தது. கல்முனை என்று தேடினேன். வந்த சொற்ப படங்களில் அநேகமானவை 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எடுத்தவை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. நாட்டில் வேறு எந்த மாவட்டத்துக்கும் அவ்வளவு இழப்பு இல்லை. அந்தப் படங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் கரையில் கரைவலை இழுத்தார்கள், கல்யாணம் நடந்தது, கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பேரால் வருடா வருடம் கொடியேற்றி, பன்னிரண்டு நாள் கழித்துக் கந்தூரி கொடுத்தார்கள். உலகக் கடையில் அதெல்லாம் இல்லை. எங்கள் ஊருக்கு அங்கே ஒரு முகம்தான் இருந்தது, அழுகிற முகம்.

இரண்டாம் கை நிக்கொன் டி3200 ஒன்று வாங்கினேன், 24 மெகாபிக்சல். அந்த நாளில் நான் விண்ணப்பித்த ஏஜென்சியில் ஒரு பரீட்சை இருந்தது. பத்துப் படம் அனுப்ப வேண்டும், ஏழு தேற வேண்டும். கல்யாணப் படம் எடுத்துக் கை பழகியவன் என்ற நம்பிக்கையில் கடற்கரைச் சூரிய உதயம் ஐந்தும் பள்ளிவாசல் ஐந்தும் அனுப்பினேன். இரண்டு தேறின. மற்ற எட்டுக்கும் காரணம் எழுதி வந்தது. நிழலில் புள்ளி தெறித்திருக்கிறது, கூர்மை இல்லை, அடிவானம் சரிந்திருக்கிறது, வர்த்தகக் குறி தெரிகிறது.

அந்தக் கடைசிக் காரணம்தான் எனக்குப் புதியது. எங்கள் மீனவர்கள் கரைவலை இழுக்கும்போது போட்டிருப்பது உதைபந்தாட்டக் கழகங்களின் ஜேர்சி. தோணியின் எஞ்சினில் கம்பனிப் பெயர். கரையில் விரித்த குடையில் சோடாக் கம்பனிப் பெயர். விளம்பரத்துக்கு விற்கும் படத்தில் இவை ஒன்றும் தெரியக் கூடாது. ஒரு கரைவலைப் படத்தில் பதினேழு இடத்தில் எழுத்தையும் சின்னத்தையும் அழித்துத் துணியின் நிறத்தை நிரப்பி ஓர் இரவு முழுக்க இருந்திருக்கிறேன். பிறகு விடியலுக்கு முன்பே போய், "காக்கா, அந்தப் பழைய சேட்டப் போட்டுட்டு இழுங்களன்" என்று கேட்கப் பழகினேன். வலைக்குத் தலைவரான தண்டையல் சிரித்துவிட்டு அவர்களிடம் சொல்லிவிடுவார். மூன்றாம் முறை பரீட்சையில் எட்டுப் படம் தேறியது.

படத்தை 100 வீதப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். கல்யாண அல்பத்தில் யாரும் கண் இமையை எண்ணுவதில்லை. இங்கே வாங்குகிறவர் படத்தின் ஒரு மூலையை மட்டும் வெட்டிப் பாவிக்கலாம், ஆகையால் மூலை வரைக்கும் சுத்தமாக இருக்க வேண்டும். கடலோரத்தில் இதற்கு இன்னொரு எதிரி உப்புக் காற்று. லென்ஸின் உள்ளே பூஞ்சணம் பிடித்தால் ஒளி மங்கிவிடும். நான் மூடி இறுகும் பிளாஸ்டிக் வாளி ஒன்றில் கமராவை வைத்து, செருப்புக் கடைகளில் கேட்டு வாங்கிய சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சுற்றிப் போட்டு வைப்பேன். கடற்கரையால் வந்ததும் ஈரத் துணியால் துடைக்காமல் சாப்பாட்டில் கை வைத்ததில்லை. தரவேற்றம் நள்ளிரவுக்குப் பிறகுதான், அப்போதுதான் டேட்டா மலிவு. சுபஹ் பாங்கு கேட்கும்போது நாற்பது படம் ஏறி முடிந்திருக்கும்.

எது விற்கும் என்ற கணக்கில் நான் நினைத்தது எல்லாம் பிழைத்தது. சூரிய உதயம் விற்கவில்லை. கிழக்குக் கரையில் சூரியன் கடலால் எழும்புவது எங்களுக்கு அருமை, உலகத்தில் அந்தப் படம் கோடிக்கணக்கில் கிடக்கிறது. விற்றது என்ன? பாயில் நெத்தலி காயப் போட்டதை நேர் மேலே நின்று எடுத்தது. மருதமுனையில் கைத்தறி முன் நாடா ஓடும் கணத்தில் பிடித்த இரண்டு கைகள். மண்சட்டியில் எருமைத் தயிர், கரண்டி போட்டு ஒரு பக்கம் குழிந்தது. நோன்புக் கஞ்சிக்குப் பள்ளியில் வைத்த பெரிய பானையும் வரிசையாக நிற்கும் வாளிகளும். சூடு அடித்து முடிந்த வட்டையில் வைக்கோலுக்குள் இறங்கும் கொக்குகள். ஒரு பக்கம் வெறுமையாக விட்டு எடுத்தால் இன்னும் நல்லது, வாங்குகிறவர் அந்த இடத்தில் தன் எழுத்தைப் போட்டுக்கொள்வார். கல்யாண வீட்டில் வெறும் சுவரைக் காட்டினால் ஏசுவார்கள். இங்கே அந்த வெறுமைக்கும் ஒரு விலை உண்டு.

காலமும் பார்க்க வேண்டும். கரைவலை கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், ஏறத்தாழ மார்ச் முதல் செப்டம்பர் வரை. மாரி தொடங்கினால் கரையில் வேலை இல்லை, வயல் பக்கம் திரும்ப வேண்டும். நோன்புப் படத்தை நோன்பு மாதத்தில் ஏற்றினால் பிந்திவிட்டது, வாங்குகிறவர்கள் மூன்று நான்கு மாதம் முன்பே தேடத் தொடங்குகிறார்கள். பிறைக் கணக்கில் நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தி வருவதால் இந்த வருடத்துக் கஞ்சிப் பானையை அடுத்த வருடத்துக்காக எடுத்து வைப்பேன்.

இத்தனைக்கும் மேலே இருப்பது சொற்கள். படத்தோடு அதன் தேடுசொற்களையும் நானே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஷட்டர்ஸ்டொக்கில் 50 வரை, அடோபி ஸ்டொக்கில் 49 வரை. வாங்குகிறவர் சொல்லைத்தான் தேடுகிறார், சொல் இல்லாத படம் இருந்தும் இல்லாததுதான். கரைவலைக்கு ஆங்கிலத்தில் 'பீச் சீன்' என்று சொல்வார்கள் என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்குச் சில நாட்கள் பிடித்தன. அதை எழுதிய பிறகுதான் அந்தப் படங்கள் அசைந்தன. எங்கள் வாழ்க்கையை இன்னொரு மொழியின் ஐம்பது சொற்களாக உடைத்து அடுக்கும் வேலை அது. முதல் பதினைந்து சொல் தானாக வரும், அடுத்த பதினைந்துக்கு யோசிக்க வேண்டும், அதற்கு மேல் சொற்கள் வேறு எங்கிருந்தோ வரத் தொடங்கும். அங்கேதான் நான் பிழை விட்டேன். அதற்கு வருகிறேன்.

காசு எப்படிக் கைக்கு வருகிறது என்று பழகுகிற பிள்ளைகள் முதலில் கேட்பார்கள். நான் தொடங்கிய காலத்தில் பேபாலில் இலங்கையிலிருந்து காசு அனுப்பலாம், பெற முடியாது. ஆகையால் நான் பயோனியர் வழியாக எடுக்கிறேன், அங்கிருந்து கல்முனையில் உள்ள என் வங்கிக் கணக்குக்கு வரும். அமெரிக்க ஏஜென்சிகளுக்கு 'டபிள்யூ-8பென்' என்ற வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அமெரிக்காவில் விற்றதற்கு 30 வீதம் வரி கழிப்பார்கள். இரு நாடுகளுக்கும் வரி உடன்படிக்கை இருப்பதால் படிவத்தை ஒழுங்காக நிரப்பியவருக்கு அது குறையும். அடோபி ஸ்டொக்கில் 25 டொலர் சேர்ந்த பிறகுதான் எடுக்கலாம். ஒரு படம் ஒரு தடவை இறங்கினால் 25 சதம், 33 சதம், 38 சதம் என்று வந்த காலத்தில் முதல் கொடுப்பனவு என் கைக்கு வரப் பதினான்கு மாதம் ஆனது. 2018 முடிவில் என்னிடம் 2,300 படங்கள் இருந்தன, மாதம் எழுபது டொலர் மட்டில் வந்தது. கல்யாண வேலையோடு சேர்த்து வீடு ஓடியது.

முகம் தெரியும் படம் நன்றாக விற்கும். ஆனால் விளம்பரத்துக்கு விற்பதற்குப் படத்தில் இருப்பவரின் சம்மதப் பத்திரம் வேண்டும். மொடல் ரிலீஸ் என்பார்கள். அவருடைய கையெழுத்து, என் கையெழுத்து, ஒரு சாட்சி, திகதி. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் ஒப்பமிட வேண்டும். நான் அதை ஓர் அலுவலகப் படிவம் மாதிரித்தான் நடத்தினேன். நம்மை நம்புகிற மனிதர்கள், நீட்டினால் ஒப்பமிடுவார்கள்.

எங்கள் ஒழுங்கையின் முனையில் ஒரு சைக்கிள் திருத்தும் கடை. அந்தக் காக்கா என் வாப்பாவின் கூட்டாளி. தாடி நெஞ்சு வரை வெள்ளையாகப் படிந்திருக்கும். 2016இல் ஒருநாள் அஸருக்குப் பிறகு பள்ளி விறாந்தையில் அவர் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார். மேற்கு வெயில் தூண்களுக்கு இடையால் சரிந்து வந்து பக்கத்தின் மேல் விழுந்து, அங்கிருந்து தெறித்து அவருடைய முகத்தைக் கீழே இருந்து வெளிச்சமாக்கியது. அப்படி ஒரு ஒளி எனக்கு அதற்கு முன்னும் பின்னும் கிடைக்கவில்லை. ஓதி முடியும் வரை காத்திருந்து படிவத்தை நீட்டினேன். "நீதானே எடுத்த, எனக்கென்ன" என்று வாசிக்காமலே ஒப்பமிட்டார். அவர் ஒப்பமிட்டது அந்தத் தாளுக்கு அல்ல, என் வாப்பாவின் மகனுக்கு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்றிரவு சொற்கள் எழுதினேன். கிழவர், தாடி, முஸ்லிம், பள்ளிவாசல், வாசிப்பு, ஒளி, அமைதி, இலங்கை. முப்பதைத் தாண்டியதும் வரவில்லை. சொல் பரிந்துரைக்கும் கருவி ஒன்று இருந்தது. அது நம் படத்தைப் போன்ற வேறு படங்களைக் காட்டி, அவற்றுக்கு மற்றவர்கள் எழுதிய சொற்களை அடுக்கும், வேண்டியதில் ஒரு தட்டு. விடியப் போகிறது, இன்னும் முப்பது படம் கிடக்கிறது. அடுக்கில் வந்ததை எல்லாம் தட்டினேன். ஐம்பது நிறைந்தது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று குண்டுத் தாக்குதல்கள் நடந்தன. ஏப்ரல் 26 இரவு பக்கத்து ஊர் சாய்ந்தமருதில், அந்தத் தாக்குதலோடு தொடர்புடையவர்கள் பதுங்கியிருந்த வீட்டில் நடந்த சூட்டையும் வெடிப்பையும் எங்கள் வீட்டில் இருந்தே கேட்டோம். அந்த வீட்டில் சிறு பிள்ளைகளும் இறந்தார்கள். ஊரடங்கு, சோதனை, மூடிய கடைகள். கமராவை வாளிக்குள் வைத்துவிட்டு வீட்டில் இருந்தேன். மே மாதம் தொடங்கி ஒருநாள் பழக்கத்தில் என் கணக்கைத் திறந்தேன். மாதத்துக்கு ஒரு தடவை இறங்கினாலே பெரிது என்றிருந்த சைக்கிள் கடைக் காக்காவின் படம் பத்து நாளுக்குள் 23 தடவை இறங்கியிருந்தது.

வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. கூகிளில் அந்தப் படத்தையே கொடுத்துத் தேடினேன். ஓர் ஐரோப்பியச் செய்தித் தளம் வந்தது. மொழி தெரியாது, இயந்திர மொழிபெயர்ப்பில் வாசித்தேன். இளைஞர்கள் எப்படித் தீவிரவாதத்துக்குள் இழுக்கப்படுகிறார்கள் என்று கட்டுரை. அதன் தலையில் எங்கள் காக்கா, மடியில் குர்ஆன், முகத்தில் அஸர் நேரத்து வெயில்.

யாரையோ ஏசிக்கொண்டு என் சொற்பட்டியலைத் திறந்தேன். ஐம்பதாவது இடத்தில் இருந்தது: 'எக்ஸ்ட்ரீமிசம்'. தீவிரவாதம். அதை யாரும் களவாக எழுதவில்லை. நான் தட்டியது.

உடனே சொல்லை அழித்தேன், பிறகு படத்தையே எடுத்தேன். ஏஜென்சிக்கு எழுதினேன். படத்தில் இருப்பவரை இழிவாகவோ குற்றம் செய்பவராகவோ காட்டக் கூடாது என்று உரிமத்தில் நிபந்தனை உண்டு, அதைக் குறிப்பிட்டேன். அந்தத் தளத்தில் படம் மாறியது. ஆனால் விற்ற உரிமம் விற்றதுதான். மற்ற 22 பிரதியும் எந்த எழுத்தின் மேல் போய் இருந்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நோன்பு தொடங்கிவிட்டது. சொல்லாமல் இருக்கலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். மூன்றாம் நாள் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குப் போனேன். காக்கா ஒரு சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிக் கம்பிகளை இறுக்கிக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன், போனில் அந்தப் பக்கத்தையும் காட்டினேன்.

வெகு நேரம் பார்த்தார். "இதுல என்ன எழுதிக் கிடக்கு?"

சொன்னேன்.

"அந்தச் சொல்ல எழுதின ஆரு?"

"நான்தான் காக்கா."

சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டு, அது ஓடி நிற்கும் வரை பேசவில்லை. பிறகு, "எண்ட பேரன் கொழும்புல படிக்கான். அவன்ட கண்ணுல இது படாம அல்லாஹ் காக்கணும்" என்றார். நான் தலையைக் குனிந்து நின்றேன். அந்த 23 தடவைக்கும் வந்தது ஏழு டொலரும் சில சதமும். அதை அவரிடம் நீட்டினேன், தொடவில்லை. என் கணக்கில் சேர்க்க எனக்கும் மனம் வரவில்லை. பள்ளிக் கஞ்சிக்கு அரிசி வாங்கிக் கொடுத்தேன். அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை.

நான் எழும்பும்போது சொன்னார்: "படமெடுக்கிறத உடாத மனே. எழுதக்குள்ள பாத்து எழுது."

அந்த நோன்பு மாதம் முழுக்க என் 2,300 படங்களின் சொற்களையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். வேலை முடிந்து களைத்துப் படுத்திருந்த தண்டையலின் படத்தில் 'வறுமை' என்று இருந்தது. அவருக்குச் சொந்தமாக இரண்டு தோணி. அபாயா அணிந்து பல்கலைக்கழக பஸ்ஸுக்கு நின்ற பிள்ளையின் படத்தில், அவளுடைய வாப்பாவே சம்மதம் தந்த படத்தில், 'அடக்குமுறை' என்று இருந்தது. அவள் அங்கே கணிதம் படித்தவள். அவை ஒன்றும் நான் யோசித்து எழுதியவை அல்ல, உலகம் எங்களைப் பற்றி ஏற்கெனவே எழுதி வைத்திருந்த சொற்கள். பொய்யைப் படத்தில் ஏற்றுவதற்கு என் விரலைக் கொடுத்திருக்கிறேன். 410 படங்களில் சொல் அழித்தேன், 60 படங்களை அடியோடு எடுத்தேன். அழுகிற ஒரே முகத்தோடு இருந்த ஊருக்கு வேறு முகங்கள் கொடுக்கப் போனவன் அவற்றின் மேல் இந்தச் சொற்களை ஒட்டி அனுப்பியிருந்தேன்.

அன்று முதல் நான் வைத்திருக்கும் முறைகள் சில. பரிந்துரைக் கருவியைத் தொடுவதில்லை, சொல்லை நானே எழுதுகிறேன். தொழுகையில், ஓதலில் இருப்பவரின் முகத்தை விற்பதில்லை. சம்மதப் பத்திரத்தின் பொருளைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், ஒப்பத்துக்கு முன் அதை வாசித்துக் காட்டுகிறேன். "இந்தப் படம் நான் அறியாத நாட்டில், உங்களுக்குப் பிடிக்காத ஒரு எழுத்துக்குப் பக்கத்திலும் வரலாம். வந்தால் திருப்பி எடுக்க என்னால் முடியாமல் போகலாம்" என்று சொல்கிறேன். கேட்டவர்களில் அரைவாசிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். மற்றவர்களின் கையெழுத்து இப்போதுதான் கையெழுத்து.

படம் ஏற்றுவதற்கு முன் ஒரு பிரதி அச்சடிக்கிறேன். பின்பக்கத்தில் நான் கொடுக்கப் போகும் சொற்களை எல்லாம் தமிழில் எழுதுகிறேன். காக்கி உறையில் போட்டு அவர் கையில் கொடுக்கிறேன். ஒரு சொல் பிடிக்கவில்லை என்றால் வெட்டலாம். ஸ்டூடியோக் காக்கா கொடுத்தது நெகட்டிவ். நான் கொடுக்கக்கூடியது சொற்பட்டியல், இந்தத் தொழிலில் நெகட்டிவ் அதுதான்.

பிறகு வந்த வருடங்கள் வருமானத்துக்கு நல்லவை அல்ல. 2020 ஜூனில் பெரிய ஏஜென்சி ஒன்று பங்கை 15 முதல் 40 வீதம் வரை ஆறு படிகளாக்கி, ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் எல்லாரையும் முதல் படிக்கே இறக்கியது. ஒரு தடவைக்கு 10 சதம் என்று வரத் தொடங்கியது. அந்த வீழ்ச்சியை 2022இல் எங்கள் நாட்டின் வீழ்ச்சி மூடி மறைத்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா மட்டில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அதே எழுபது டொலர் 14,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவானது. அயல் வீட்டில் பால்மா இல்லாதபோது என் கணக்கில் ரூபா கூடியதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதில்லை.

அந்த வருடம் செய்திப் பாவனைக்கான படங்களை வெளிநாட்டில் நிறையத் தேடினார்கள். இவற்றுக்குச் சம்மதப் பத்திரம் தேவையில்லை, விளம்பரத்துக்குப் பாவிக்கவும் முடியாது. தலைப்பில் ஊர், நாடு, திகதி, நடந்தது என்ன என்று மட்டும் எழுத வேண்டும், கூட்டவும் குறைக்கவும் கூடாது. பத்திரம் தேவையில்லாவிட்டாலும் நான் கேட்டுத்தான் எடுத்தேன். கயிற்றால் ஒன்றோடு ஒன்று கட்டிய வெறும் கேஸ் சிலிண்டர்கள், 13 மணி நேர மின்வெட்டில் குப்பி விளக்கில் படிக்கும் பிள்ளையின் கொப்பி, ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானதும் கரையில் ஏற்றி வைத்த படகுகள். ஒரு தலைப்பு இப்படி இருந்தது: கல்முனைக்குடி, இலங்கை, திகதி, மண்ணெண்ணெய் விலை உயர்வால் கடலுக்குப் போகாத படகுகள். அதில் சோகம் என்ற சொல் இல்லை. படகே சொல்கிறது.

2023 மார்ச்சில் அடோபியின் ஃபயர்ஃப்ளை வந்தது, அடோபி ஸ்டொக்கில் இருந்த படங்களைக் கொண்டு பயிற்றிய இயந்திரம். செப்டம்பரில் படம் கொடுத்தவர்களுக்கு ஓர் ஊக்கத்தொகையும் வந்தது. இப்போது யாரும் இலங்கை மீனவர் என்று எழுதினால் ஒரு மீனவர் உருவாகிறார். செய்து பார்த்தேன். வந்தவர் எந்தக் கரையிலும் நிற்காதவர், அவருடைய வலையில் முடிச்சுகள் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. நாளைக்கு முடிச்சும் சேரும். ஆனால் அந்த இயந்திரம் படத்தோடு நாம் கொடுத்த சொற்களையும் சேர்த்துத்தான் படிக்கிறது. தாடி வைத்த ஒரு கிழவருக்குப் பக்கத்தில் நான் எழுதிய ஐம்பதாவது சொல் எந்த இயந்திரத்தின் ஞாபகத்தில் போய்ச் சேர்ந்தது என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் பயம் வருகிறது. முன்பு ஒரு பிழைச் சொல் ஒரு மனிதரின் முகத்தைக் கெடுத்தது. இனி அது அவரைப் போன்ற எல்லாரின் முகத்தையும் வரையும்.

வெள்ளிக்கிழமைகளில் நான்கைந்து பிள்ளைகள் என்னிடம் பழக வருகிறார்கள். கமராவைத் தொட விடும் முன் ஒரு படத்தைக் கொடுத்துச் சொற்கள் எழுதச் சொல்கிறேன். எழுதியதை அந்தப் படத்தில் இருப்பவரிடமே கொண்டுபோய் வாசிக்கச் சொல்கிறேன். முதல் நாளே இரண்டு பேர் பட்டியலைக் கிழித்துவிட்டுத் திரும்பி வந்து புதிதாக எழுதினார்கள்.

போன மாதம் சைக்கிள் கடைக்குப் போனேன். காக்காவுக்கு இப்போது பார்வை மங்கல், சக்கரத்தின் கோணலைக் காதால்தான் பிடிக்கிறார். அந்தக் கைகளை எடுக்கலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "கையத்தானே? எடு" என்றார். கிறீஸ் படிந்த விரல்கள், கம்பிகள், பின்னால் கடையின் இருட்டு. இரண்டு நாள் கழித்து உறையோடு போய்ப் பின்பக்கத்தை வாசித்துக் காட்டினேன். கல்முனைக்குடி, சைக்கிள், சக்கரம், கம்பி, விரல், கிறீஸ், திருத்துதல், முதுமை, தொழில், பொறுமை. முப்பத்தொன்றில் முடிந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் காக்கா. இதுக்கு மேல எனக்குத் தெரிஞ்ச உண்மை இல்ல."

உறையை வாங்கிச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.